முதல் பருவம் பிள்ளைக்கு மட்டுமா?



கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில், ஜூன் மாதக் காலைப்பொழுதொன்றில், பெரியநாயக்கன்பாளையத்தைக் கடந்து சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். மேற்கே மலைமுகட்டில் மேகம் கவிந்திருக்கும். காற்றோடு கலந்த தூறல் முகத்தில் படும். ஒருபுறம் ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் விரைகின்ற தொழிலாளர் கூட்டம். மறுபுறம் புதுச் சீருடையும் முதுகுப் பையுமாகப் பள்ளிக்கு விரைகின்ற சிறுவர் கூட்டம். அச்சிறுவர்களுள் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அதிகாலையில் மதரசாவுக்குச் சென்று ஓதிவிட்டு, தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, அதே வேகத்தில் பள்ளிக்கு ஓடுகின்ற பிள்ளைகள்!

இந்தப் பிள்ளை பள்ளி வாயிலுக்குள் நுழைந்த பின்னர் அங்கே என்ன நடக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கின்றோம்? மகளின் திருமணத்திற்கு மண்டபம் பார்க்க மூன்று முறை சென்று வருகின்றோம். வீட்டுக்குத் தளம் போடும் நாளில் வேலைக்குச் செல்லாமல் அருகிலேயே நிற்கின்றோம். பிள்ளையின் கல்விக்கு அடித்தளம் போடப்படும் ஐந்தாண்டுக் காலத்தில் மட்டும் வாயிற்கதவோடு நின்றுவிடுகின்றோம். இது முறைதானா?

தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் ஓராண்டு மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 2012ஆம் ஆண்டு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம். டிசம்பர் வரை இரண்டாம் பருவம். அதன்பின் கோடை விடுமுறை வரை மூன்றாம் பருவம். மூன்றிலும் ஓய்வில்லாதது முதல் பருவமே. சேர்க்கை, புத்தகம், கூட்டம், விழா, தேர்வு என அனைத்தும் அந்நான்கு மாதங்களுக்குள் வந்துவிடுகின்றன. அந்த நான்கு மாதங்களையும் வாயிலுக்கு உள்ளே சென்று ஒருமுறை பார்த்து வருவோம், வாருங்கள்.

இந்த மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு

அதற்கு முன், இவ்வூரைப் பற்றி ஒரு செய்தி. பெரியநாயக்கன்பாளையம் என்றதும் இன்று பலருக்கும் இயந்திரத் தொழிற்சாலைகள் நினைவுக்கு வரும். ஆனால் கல்வி உலகில் இவ்வூரின் பெயர் அதற்கு முன்னரே ஒலித்திருக்கின்றது. தி.சு. அவினாசிலிங்கம் அவர்கள் 1930ஆம் ஆண்டு சிறிய அளவில் தொடங்கிய இராமகிருஷ்ண வித்தியாலயம் இங்குதான் வேரூன்றியது. 1934ஆம் ஆண்டு காந்தியடிகள் இங்கு வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். பிற்காலத்தில் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கும் தலைமைப் பதிப்பாசிரியராக விளங்கிய பெரியசாமித் தூரன் அவர்கள் அவ்வித்தியாலயத்தில் ஆசிரியப் பணி செய்தவர். அவரே பின்னர் குழந்தைகளுக்கென்றே தனியாக மற்றொரு கலைக்களஞ்சியத்தையும் உருவாக்கித் தந்தார் என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி.

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்களாயின், அதற்கும் விடை இருக்கின்றது. 1937ஆம் ஆண்டு வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலோடு இணைந்த ஆதாரக் கல்வி என்னும் திட்டம் உருவாயிற்று. அதற்குப் பாடத்திட்டம் வகுக்க அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை ஏற்றவர் யார் தெரியுமா? ஜாமியா மில்லியாவின் துணைவேந்தராக அப்போது பணியாற்றிக்கொண்டிருந்த டாக்டர் ஜாகிர் உசேன் அவர்களே! 1967ஆம் ஆண்டு இந்நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த அப்பெருமகனார், சின்னஞ்சிறு குழந்தைகளுக்காகக் கதை எழுதுவதையும் தம் பணிகளுள் ஒன்றாகக் கருதினார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் அவர்கள் அந்த ஆதாரக் கல்வியை இங்கே பரப்ப முனைந்தார். தொடக்கக் கல்வி என்பது பெரிய மனிதர்கள் தம் நேரத்தைச் செலவிடத் தகாத சிறிய காரியம் என்று அவ்விருவருமே எண்ணவில்லை. நாம் மட்டும் அவ்வாறு எண்ணலாமா?

ஜூன்: பெயர் எழுதப்படும் நாள்

பருவத்தின் முதற்பணி சேர்க்கை. ஐந்து வயது நிறைந்த குழந்தையைத் தலைமையாசிரியரின் மேசைக்கு முன் நிறுத்துகின்றோம். சேர்க்கைப் பதிவேட்டில் பெயரும் பிறந்த நாளும் எழுதப்படுகின்றன. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடம் நம் பிள்ளையின் வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்து வரும்.

நம் பெயர்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். முகமது, முஹம்மது, முகம்மத் என்று ஒரே பெயரைப் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், குடும்ப அட்டையில் வேறுவிதமாகவும், ஆதாரில் மற்றொரு விதமாகவும் எழுதி வைத்திருக்கின்றோம். ஆங்கில எழுத்தில் இந்த வேறுபாடு இன்னும் பெருகுகின்றது. தந்தையின் பெயர் முதலெழுத்தாக நிற்கின்றதா, முழுப்பெயராகச் சேர்கின்றதா என்பதிலும் ஒழுங்கில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரும்போதும், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும், வளைகுடாவில் வேலை கிடைத்து விசாவுக்காகக் காத்திருக்கும்போதும் இந்த ஓர் எழுத்துப் பிழை மலைபோல் எழுந்து நிற்கும். ஆதலால் சேர்க்கைக்குச் செல்லும் முன் வீட்டிலேயே ஒரு தாளில், தமிழிலும் ஆங்கிலத்திலும், பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரை எழுதி எடுத்துச் செல்லுங்கள். பதிவேட்டில் எழுதியதைப் படித்துப் பார்த்த பின்னரே கையெழுத்திடுங்கள். அவ்வாறு படித்துப் பார்ப்பதைத் தலைமையாசிரியர் எவரும் தவறாகக் கொள்ளமாட்டார்.

சாதிச் சான்றிதழிலும் இதே கவனம் தேவை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கென 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2007ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அப்பட்டியலில் அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவுகள் இடம்பெற்றுள்ளன. 'முஸ்லிம்' என்று பொதுவாக எழுதிவிட்டால் போதும் என்று இருந்துவிட வேண்டாம். பிரிவின் பெயர் சரியாக இடம்பெற வேண்டும். பதினேழு வயதில் கல்லூரி வாசலில் நின்று வருந்துவதை விட, ஐந்து வயதில் ஒருநாள் வட்டாட்சியர் அலுவலகம் சென்று வருவது எளிதல்லவா?

இங்கு மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சிறுபான்மையினப் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடைத்துவந்ததை மூத்த பிள்ளைகளின் பெற்றோர் நினைவில் வைத்திருப்பீர்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலானவர்களுக்கு அது 2022–23ஆம் கல்வியாண்டு முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அக்கா வாங்கினாள், தங்கைக்கும் வரும் என்று காத்திருந்து ஏமாற வேண்டாம். 'வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்போரிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

பசியோடு ஒரு பாடமா?

அதிகாலையில் ஓதச் சென்று எட்டு மணிக்குத் திரும்பும் பிள்ளையின் காலைப்பொழுதை நம் தாய்மார்கள் நன்கறிவர். இரவுப்பணி முடித்துத் திரும்பும் அத்தா ஒருபுறம். காலைப்பணிக்குப் புறப்பட வேண்டிய அம்மா மறுபுறம். பிள்ளை ஒரு குவளைத் தேநீரும் இரண்டு ரொட்டித் துண்டும் விழுங்கிவிட்டு ஓடும். சில நாள்களில் அதுவும் இராது. முதல் பாடவேளையில் அது கொட்டாவி விட்டால், 'கவனமில்லாத பிள்ளை' என்று பெயர் வாங்கிக்கொள்ளும். உண்மையில் அந்தப் பிள்ளைக்குக் குறைவது கவனமன்று, காலை உணவு!

பசித்த குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பதைத் தமிழகம் நெடுங்காலத்திற்கு முன்னரே கண்டுகொண்டது. சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் 1920ஆம் ஆண்டளவில் மதிய உணவு தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலத்திட்டமாக விரிந்தது. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அவர்கள் அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. முதற்கட்டமாக 1,545 பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அது கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும், 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதிகளிலுள்ள அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிவடைந்தது.

அவ்வுணவைப் பற்றி நம் வீடுகளில் எழும் ஐயங்களை நாம் அறிவோம். 'என்ன போடுகிறார்களோ, எதில் சமைக்கிறார்களோ' என்று பாட்டிமார்கள் கவலைப்படுவதுண்டு. உப்புமா, கிச்சடி, பொங்கல், அவற்றுடன் காய்கறி சாம்பார் என்று அமைந்த சைவ உணவு அது. சிற்றூர்களிலும் பேரூர்களிலும் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த தாய்மார்களே பள்ளியில் சமைத்துப் பரிமாறுகின்றனர். ஐயமிருப்பின் ஒருநாள் காலையில் நேரில் சென்று பாருங்கள். இரண்டு கரண்டி சுவைத்தும் பாருங்கள். பெற்றோருக்கு அதற்கு உரிமை உண்டு.

'இலவச உணவு உண்ண நாம் என்ன இல்லாதவர்களா?' என்று சில வீடுகளில் பிள்ளையைத் தடுப்பதையும் கண்டிருக்கின்றோம். அன்பர்களே! பக்கத்துப் பிள்ளையோடு ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே உணவை, ஒரே நேரத்தில் உண்பதில் ஓர் இழிவும் இல்லை. தொழுகையில் தோளோடு தோள் நிற்கக் கற்ற நமக்கு இதை வேறொருவர் வந்து சொல்லித்தர வேண்டுமா?

ஜூலை: அரும்பு, மொட்டு, மலர்

ஜூலை மாதம் பள்ளி சூடுபிடிக்கும் மாதம். 15ஆம் தேதி காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளிதோறும் கொண்டாடப்படுகின்றது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கல்வியை நிறுத்திக்கொள்ள நேர்ந்த ஒருவர், மூலைமுடுக்கெல்லாம் பள்ளிகளைத் திறந்துவைத்த கதையைப் பிள்ளைகள் பேச்சாகவும் ஓவியமாகவும் சொல்கின்றனர்.

விழா ஒருபுறமிருக்க, வகுப்பறைக்குள் இம்மாதம் நடக்கும் காரியமே நாம் கருத்தூன்ற வேண்டியது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்ததால் சின்னஞ்சிறு வகுப்பினர் எழுத்தையே மறந்துவிட்ட நிலை ஏற்பட்டது. அதை ஈடுசெய்ய 2022 ஜூன் மாதம் 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும், அடிப்படைக் கணக்கைச் செய்யவும் வேண்டும் என்பதே அதன் குறிக்கோள். வகுப்பு எதுவாயினும், பிள்ளை உண்மையில் எந்நிலையில் நிற்கின்றது என்று ஆசிரியர் கண்டறிந்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பகுத்து, அந்தந்த நிலைக்கேற்பக் கற்பிக்கின்றார்.

நம் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா? இதைக் கேட்டறிந்த பெற்றோர் எத்தனை பேர்?

இக்கேள்வியை வற்புறுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளைத் தேர்ச்சியின்றி நிறுத்திவைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடே. பத்து வயதுப் பிள்ளையைத் தோல்வி முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்புவதால் எவருக்கும் பயனில்லை. ஆனால் 'ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டான்' என்பதற்கும் 'ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைப் படிக்கின்றான்' என்பதற்கும் இடைவெளி இருக்கக்கூடும். அந்த இடைவெளியை வீட்டில் எவரும் காணாவிடில், ஒன்பதாம் வகுப்பில் அது திடீரென்று வெளிப்படும். அப்போது நம் பையன் படிப்பில் நாட்டமில்லை என்று சொல்லி ஒரு கடைக்கோ, பட்டறைக்கோ சென்றுவிடுவான். நாமும் 'அவன் தலையெழுத்து' என்று சொல்லி அமைதியடைந்துவிடுவோம். அன்பர்களே! அது தலையெழுத்தன்று, மூன்றாம் வகுப்பில் நாம் கவனியாமல் விட்ட எழுத்து!

சோதித்துப் பார்ப்பது எளிது. பிள்ளை முன்பின் படித்திராத ஒரு பத்தியை — நாளிதழின் சிறுவர் பகுதியாகவும் இருக்கலாம் — கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிபுண் பாரத் என்னும் தேசியத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவில் ஒரு பிள்ளை நிமிடத்திற்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்துள்ளது. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையை மிரட்ட வேண்டியதில்லை. படித்து முடித்த பின், 'இதில் என்ன சொல்லியிருக்கிறது?' என்று மட்டும் கேளுங்கள். தன் சொந்த வார்த்தையில் சொல்லிவிட்டால் நிம்மதி கொள்ளலாம். எழுத்துக்கூட்டித் திணறினால், மறுநாளே ஆசிரியரைச் சென்று காணுங்கள். குறை சொல்வதற்காக அன்று, கூடிச் செயல்படுவதற்காக.

கோவை வட்டாரத்தில் உருது பேசும் குடும்பங்களும் நம்மிடையே கணிசமாக உள்ளன. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகத்தின் நடை முதலில் அந்நியமாகத் தோன்றுவது இயல்பு. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழைக் கற்பது பள்ளிகளில் கட்டாயம். வீட்டில் நானி சொல்லும் கதையை நிறுத்த வேண்டாம். அது பிள்ளையின் செல்வம். அதனுடன், நாள்தோறும் பத்து நிமிடம் ஒரு தமிழ்க் கதையையும் வாசித்துக் காட்டுங்கள். ஓதும் பள்ளியில் ஒரு பக்கத்தை விரல் வைத்துப் பிசகின்றி ஓதப் பழகிய பிள்ளைக்கு, மற்றொரு மொழியின் எழுத்தை வசப்படுத்துவது அரிதன்று.

யாருமற்ற ஒரு நாற்காலி

இனி, தாய்மார்களுக்கென்று தனியே ஒரு சொல்.

2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கின்றது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டும், பின்னர் 2024ஆம் ஆண்டும் அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. தலைவர் பொறுப்பே ஒரு தாய்க்குத்தான்! கழிப்பறைக் கதவு உடைந்திருக்கின்றதா, குடிநீர் வருகின்றதா, ஆசிரியர் பணியிடம் காலியாக உள்ளதா, இடைநின்ற பிள்ளை எந்த வீட்டில் இருக்கின்றது என்பனவெல்லாம் அங்கே பேசப்பட்டுத் தீர்மானமாகின்றன. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரு ஆசிரியர். தொண்ணூறு வரை மூவர் என்று அச்சட்டமே கணக்குச் சொல்கின்றது. உங்கள் பள்ளியில் அக்கணக்குச் சரியாக இருக்கின்றதா என்று கேட்க வேண்டியவர்கள் நீங்களே.

இங்கு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகின்றேன். இக்கட்டுரையை எழுதுபவனின் தாயார் எழுதப் படிக்க அறியாதவர். மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வேண்டும் என்றால் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொல்வார். பெற்றோரை அழைத்துவரச் சொன்ன நாளில் பள்ளி வரை வந்தார், வேப்பமரத்தடியில் நின்றார், உள்ளே வரவில்லை. 'அங்கே வந்து நான் என்னப்பா பேசப் போறேன்?' என்றார். அவருக்குரிய நாற்காலி அன்று யாருமின்றியே கிடந்தது. மகனுக்குக் கணக்கு வரவில்லை என்பதை அவரிடம் சொல்ல ஆசிரியருக்கு வழியில்லாமற்போயிற்று. அக்கணக்கை மகன் பின்னர் கற்றுக்கொண்டதற்கு ஆண்டுகள் பல கழிந்தன. தாயார் இன்று இல்லை. அன்று அவர் கையைப் பிடித்து, 'வாங்கம்மா, உட்காருங்க' என்று உள்ளே அழைத்துச் செல்லாத குற்றம் மகனுடையது என்றே இன்றுவரை எண்ணி வருந்துகின்றேன்.

தாய்மார்களே! கூட்டத்தில் பேசுவதற்குப் பட்டம் வேண்டியதில்லை. 'என் மகள் வீட்டுக்கு வந்த பின்னரே கழிப்பறைக்குச் செல்கிறாள், ஏன்?' என்று கேட்கத் தெரிந்தால் போதும். அவ்வொரு கேள்வியால் ஒரு பள்ளியே திருந்தக்கூடும். 2022ஆம் ஆண்டு முதல் இக்கூட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணியளவில் நடைபெற்று வந்துள்ளன. ஜும்ஆ முடிந்து, மதிய உணவும் முடிந்த வேளை அது. கணவன்மார்களும் இதைக் கவனத்திற்கொள்வீர்களாக. 'நீ எதற்கு அங்கெல்லாம்?' என்று தடுக்காமல், அந்த ஒரு மணி நேரம் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கத்தில் பேகம் ரொக்கையா அம்மையார் 1911ஆம் ஆண்டு கல்கத்தாவில் பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கியபோது வந்து சேர்ந்தவர்கள் எட்டே பேர். வீடு வீடாகச் சென்று, பெற்றோரிடம் மன்றாடி, ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து வந்தார். அன்று பள்ளி நம் வீட்டு வாசலைத் தேடி வந்தது. இன்று சட்டமே நாற்காலி போட்டு நம் தாய்மார்களை அழைக்கின்றது. செல்லாதிருப்பது நியாயமாகுமா?

ஆகஸ்ட்: மேடையேறும் மாதம்

ஆகஸ்ட் மாதத்தில் பள்ளியின் ஒலியே மாறிவிடும். சுதந்திர தினத்திற்குப் பாட்டு, நாடகம், பேச்சு, அணிவகுப்பு என்று ஒத்திகை நடக்கும். 2022ஆம் ஆண்டு அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழா பின்னர் தொடக்க வகுப்புகளுக்கும் விரிந்தது. மழலையர் மாறுவேடத்தில் வருவர், களிமண்ணில் பொம்மை செய்வர், கதை சொல்வர்.

நம் பிள்ளைகளுள் சிலர் இவ்வேளைகளில் ஓரமாய் ஒதுங்கி நிற்பதைக் காண்கின்றோம். நடனத்திற்கு வீட்டில் ஒப்புதல் இல்லையெனில் அதை ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லுங்கள். ஆனால் அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். 'என் மகள் நன்றாகப் பேசுவாள், திருக்குறள் ஒப்பிப்பாள், ஓவியம் வரைவாள்' என்று மாற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'வேண்டாம்' என்ற சொல்லை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, மேடை என்றாலே தனக்குரியதன்று என்று எண்ணிவிடும். அந்த எண்ணத்தைப் பின்னர் மாற்றுவது கடினம்.

ஓரமாய் நிற்பது பற்றிப் பேசும்போது, டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்கள் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் கூறியுள்ள நிகழ்ச்சியை நினையாமலிருக்க முடியாது. இராமேசுவரம் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில், கோயில் அர்ச்சகரின் மகன் அருகே அவர் அமர்ந்திருந்தார். புதிதாக வந்த ஆசிரியர் அதைப் பொறாமல் அவரைப் பின்வரிசைக்கு அனுப்பினார். நண்பன் அழுதான். செய்தியறிந்த அர்ச்சகர் அவ்வாசிரியரை அழைத்து, பிஞ்சு மனங்களில் வேற்றுமை நஞ்சைக் கலக்கலாகாது என்று கண்டித்தார். ஆசிரியரும் தம் தவறை உணர்ந்து மாறினார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கற்க வேண்டியது யாது? பின்வரிசைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை வீட்டுக்கு வந்து அதைச் சொல்லியது. வீட்டார் காதுகொடுத்துக் கேட்டனர். ஊரில் மதிப்புடைய ஒருவர், அதுவும் மாற்றுச் சமயத்தவர், நியாயத்தை எடுத்துரைத்தார். நம் பிள்ளை மாலையில் வீடு திரும்பியதும், 'இன்று எத்தனை மதிப்பெண்?' என்று கேட்கும் முன், 'இன்று யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?' என்று கேட்டுப் பழகுங்கள். அயல்வீட்டுப் பிள்ளைக்கு அத்தகைய நேர்வு உண்டாயின், அவர்கள் எச்சமயத்தவராயினும், அதற்காகப் பேசுகின்ற முதல் ஆளாக நீங்கள் இருங்கள்.

இப்பருவத்தில் நம் பெருநாள்களும் பள்ளி நாட்காட்டியோடு கலந்து வருவதுண்டு. 2024ஆம் ஆண்டு ஜூன் 10 அன்று பள்ளிகள் திறந்த ஒரே வாரத்தில், 17ஆம் தேதி தியாகத் திருநாள் வந்தது. 2025ஆம் ஆண்டு மீலாது நபியும் ஆசிரியர் தினமும் செப்டம்பர் 5 என்ற ஒரே நாளில் அமைந்தன. பெருநாளைக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் 'சொந்த ஊருக்குப் போயிருந்தோம்' என்று விடுப்பு நீளும் வழக்கத்தை நாம் குறைத்துக்கொள்ள வேண்டும். தொடக்க வகுப்புகளுக்குச் சட்டம் வகுத்துள்ள வேலைநாள் ஆண்டுக்கு 200 மட்டுமே. அவற்றுள் பத்து நாளை விருந்திலும் பயணத்திலும் இழந்தால், இருபதில் ஒரு பங்கு கல்வி போயிற்று என்று பொருள்.

செப்டம்பர்: அட்டை வரும் நாள்

பருவத்தின் முடிவில் தேர்வு. பருவமுறை வந்தபோது மதிப்பெண் இரண்டாகப் பகுக்கப்பட்டது. வகுப்பறைச் செயல்பாடுகளுக்கு வளரறி மதிப்பீடாக 40. எழுத்துத் தேர்வுக்குத் தொகுத்தறி மதிப்பீடாக 60. ஒருநாள் தேர்வை மட்டும் நம்பாமல், நான்கு மாத உழைப்பையும் எடைபோடும் முறை இது. ஆகவே தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் பிள்ளையை உட்காரவைத்து மனப்பாடம் செய்விப்பதில் பெரும் பயன் விளையாது.

மதிப்பெண் அட்டை வரும் நாளில் வீட்டில் என்ன நடக்கின்றது? முதலில் எண்களைப் பார்க்கின்றோம். பிறகு சித்தப்பா மகனோடு ஒப்பிடுகின்றோம். அதன்பின் ஓர் அதட்டலோ, ஓர் ஐம்பது ரூபாயோ! இவை மூன்றையும் விட்டுவிட்டு, அட்டையின் இறுதியில் ஆசிரியர் எழுதியுள்ள குறிப்பை முதலில் படியுங்கள். 'வாசிப்பில் பயிற்சி தேவை', 'அடிக்கடி விடுப்பு', 'நன்றாகப் பழகுகிறாள்' என்பன போன்ற சிறு குறிப்புகளில் நான்கு மாதச் செய்தி அடங்கியிருக்கும். படிக்கத் தெரியாதவர்கள், பிள்ளையையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் ஒரு சோதனையாக அமைந்துவிடும்!

அன்பு வாசகர்களே! ஜாகிர் உசேன் அவர்கள் பாடத்திட்டம் வகுத்தார்கள். காந்தியடிகள் இந்தப் பெரியநாயக்கன்பாளையத்தில் கல்லெடுத்து வைத்தார்கள். காமராசர் பள்ளிகளைத் திறந்தார்கள். நம்மிடம் எவரும் அவ்வளவு பெரிய செயலைக் கேட்கவில்லை. ஒரு பருவத்திற்கு நான்கே காரியங்கள்: ஜூனில் பெயரைச் சரிபாருங்கள். ஜூலையில் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்திற்கு ஒருவர் செல்லுங்கள். செப்டம்பரில் ஆசிரியரின் குறிப்பைப் படியுங்கள்.

அடுத்தமுறை பள்ளியிலிருந்து அழைப்பு வரும்போது, வேப்பமரத்தடியில் நின்றுவிடாதீர்கள். உள்ளே செல்லுங்கள். உங்கள் நாற்காலி அங்கே உங்களுக்காகக் காத்திருக்கின்றது. இன்ஷா அல்லாஹ், அதில் நீங்கள் அமர்வதைக் காணும் உங்கள் பிள்ளையின் கண்களில் ஓர் ஒளி தோன்றும். எந்த மதிப்பெண் அட்டையிலும் எழுதப்படாத ஒளி அது.